மேல்மாடி வெப்பம் குறித்த கருத்து அமர்வு

பேக்கரி மாஸ்டர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தன் வீட்டுத் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "சே, இதுக்கு நம்ம அடுப்பே தேவலை" என்று சொன்னது ஒரு கருத்து என்பது அவருக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் புரண்டு படுத்திருப்பார். விடிவதற்கு முன்பே எழுந்து போய் ரொட்டி அடுப்புக்கு முன்னால் நிற்கிற மனுஷன் அவர். வெப்பத்தோடு அவருக்குச் சண்டை ஒன்றும் கிடையாது. வேலை நேரத்தில் வேகலாம், அதற்குத்தான் சம்பளம். வீட்டுக்கு வந்தும் வேக வேண்டும் என்று எந்த முதலாளியும் சொன்னதில்லையே என்பதுதான் அவருடைய ஆதங்கம்.

அந்த வீடு வாரியத்தின் வீடு. இல்லப் பொருட்கள் கருத்து வாரியம் என்று முழுப் பெயர். பானை, சட்டி, துடைப்பம் முதலானவற்றைப் பற்றி ஜனங்கள் ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டு திரிகிறார்களே, இதை ஒழுங்குபடுத்தக் கூடாதா என்று யாரோ ஒரு பெரிய மனிதருக்குத் தோன்றியபோது அது பிறந்தது. பிறந்த பிள்ளை வளராமல் இருக்குமா? குக்கர் பிரிவு வந்தது, தூசி உறிஞ்சும் மெஷின் பிரிவு வந்தது. இதையெல்லாம் வைத்துப் பார்க்க ஆள் குடியிருக்கிற வீடு வேண்டுமே என்று மூன்று மாடியில் ஒரு குடியிருப்பையும் கட்டி வாடகைக்கு விட்டார்கள். நடுவில் ஒரு தலைவருடைய மருமகனுக்கு மலை சைக்கிள் மேல் ஆசை வந்ததால் மலை சைக்கிள் பிரிவும் வந்தது. ஊரில் மலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது, இருப்பதிலேயே உயரமானது தண்ணீர்த் தொட்டிதான். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடத் தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு தடையா?

மாஸ்டருக்குக் கிடைத்தது உச்சி மாடி. வெயில் காலத்தில் சுடும்தான். ஆனாலும் சுவரில் மேலே, கூரையை ஒட்டி வரிசையாக வென்டிலேட்டர் துளைகள் இருந்தன. ஏறிய சூடு அந்த வழியாக வெளியேறிவிடும். மனுஷன் தூங்குவார். எல்லாம் வாரியம் வெப்பத்தடுப்புத் திட்டம் கொண்டுவருகிற வரைக்கும்தான்.

கறுப்பு நுரை ஷீட்டுகள் லாரியில் வந்து இறங்கின. அவற்றை மொட்டை மாடியில், கூரைக்கு வெளியே பரப்ப வேண்டும் என்று ஷீட்டின் மேலேயே படம் போட்டிருந்தது. ஆனால் மொட்டை மாடிக்குப் போக இரும்பு ஏணிதான் உண்டு. மேற்பார்வை அதிகாரிகளில் பாதிப் பேருக்கு முட்டிவலி, மீதிப் பேருக்குத் தொந்தி. மேற்பார்வையிட முடியாத இடத்தில் ஒரு பொருளை எப்படிப் பொருத்துவது? எனவே, அதிகாரிகள் நாற்காலியில் உட்கார்ந்தபடி அண்ணாந்து பார்க்க வசதியாக, மேல்மாடி வீடுகளில் எல்லாம் ஷீட்டைக் கூரைக்கு உள்பக்கம் ஒட்டினார்கள். ஷீட் அறையைவிடப் பெரிதாக இருந்தது. வெட்டினால் வாரியச் சொத்துக்குச் சேதம். மிஞ்சியதை அப்படியே மடக்கிச் சுவரோடு கீழே இறக்கி ஒட்டிவிட்டார்கள். வென்டிலேட்டர் துளைகள் எல்லாம் அதற்குள் போய்விட்டன. அன்று முதல் அந்த அறைக்குள் நுழைந்த வெப்பம், போகிற வழியை மறந்த விருந்தாளி மாதிரி அங்கேயே தங்கிவிட்டது.

மாஸ்டர் தாங்கினார். கைக்குழந்தை தாங்கவில்லை. கழுத்து, முதுகு, அக்குள் என்று மகளுக்கு மேலெல்லாம் வேர்க்குரு. பகலெல்லாம் அழுவாள், சாயங்காலம் அழுது களைத்து விக்குவாள். ஒருநாள் மாஸ்டர் வேலை முடிந்து வந்தபோது அவர் மனைவி பையைக் கட்டி வைத்துவிட்டுக் குழந்தையும் கையுமாக வாசலில் நின்றாள்.

"என்னங்க, நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். அங்க தரைத்தளம், காத்து வருது. இந்த வீடு குளிர்ந்தா சொல்லுங்க, வந்துடறேன். குளிரலேன்னா விடுங்க, பொண்ணு நடக்க ஆரம்பிச்சதும் அவளே ஒரு நடை வந்து உங்களைப் பார்த்துட்டுப் போவா."

"ஏம்மா, ஒரு வாரம் பொறுத்துக்கயேன். நான் ஆபீஸ்ல போய்ப் பேசிட்டு வர்றேன்."

"நான் பொறுத்துப்பேங்க. இவ பொறுப்பாளா?"

மாஸ்டர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிட்டு வந்தார். திரும்பி வந்த வீட்டில் குழந்தையின் சத்தம் இல்லை, வெப்பம் மட்டும் இருந்தது. அவருக்கு அழுகை வந்தது, ஆனால் வியர்வையில் அது தனியாகத் தெரியவில்லை.

ஷீட்டைப் பிய்த்து எறிந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வாரியத்தின் வீட்டில், வாரியத்தின் பொருள் மேல், வாரியத்தின் கருத்து முடிவாகாத நிலையில் விரல் பட்டால் வீடு ரத்து. எதிர்வீட்டுத் தையல்காரம்மா தன் வீட்டு ஷீட்டின் ஓரத்தில் ஒரு காலண்டர் ஆணி அடித்ததற்கே மூன்று முறை விசாரணைக்குப் போய்வந்தவள். "தொட்டுடாதீங்க தம்பி. அது ஷீட் இல்ல, அரசாங்கம்" என்று அவள் எச்சரித்திருந்தாள்.

எனவே மாஸ்டர் முறைப்படி போனார்.

வாரியத்தின் அலுவலகத்தில் நல்ல ஏசி. கவுண்டருக்குப் பின்னால் இருந்த பெண் ஸ்வெட்டர் போட்டிருந்தாள். மாஸ்டருக்கு அந்தக் குளிரில் நின்றதுமே கண்ணைச் சொருகிக்கொண்டு வந்தது. இங்கேயே ஒரு மூலையில் படுத்துக்கொள்ள இடம் கேட்கலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தார்.

"ஒரு புகார் குடுக்கணும்மா."

"புகார்ப் பிரிவை மூடிட்டோம் சார்."

"ஏன்?"

"புகாரே வர்றதில்ல."

"ஏன் வர்றதில்ல?"

"பிரிவைத்தான் மூடிட்டோமே சார்" என்றாள் அவள், குழந்தைக்குச் சொல்வதுபோல் பொறுமையாக. "நீங்க வேணா கருத்துச் சொல்லலாம்."

"சரி, சொல்றேன். ரூம் வேகுது."

அவள் எழுதுவதற்குப் பேனாவை எடுத்தாள். "என்ன வேலை பார்க்கறீங்க?"

"பேக்கரில. அடுப்புப் பக்கம்."

பேனா கீழே இறங்கிவிட்டது. "வெப்பத் துறையிலேயே இருக்கீங்களே சார். நீங்க வெப்பத்தைப் பத்திச் சொன்னா அது சார்பு ஆயிடுமே."

"அப்ப ஐஸ் கம்பெனில வேலை பார்க்கிற ஒருத்தரைக் கூட்டிட்டு வரட்டுமா?"

"அவர் எதிர்ச்சார்பு" என்றாள் அவள், கேலி என்பதே தெரியாமல். பிறகு இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னாள். மூன்று நாள் கருத்துப் பயிற்சி வகுப்பு ஒன்று நடக்கிறது. அதில் உட்கார்ந்து தேறிவிட்டால் எந்தத் தொழில் செய்கிறவரும் கருத்துச் சொல்லத் தகுதி பெற்றவர் ஆகிவிடுவார். "ரொம்பப் பேர் வர்றாங்க சார். போன தடவை தீயணைப்புக்காரர் ஒருத்தர் கூட வந்தாரு."

வகுப்பில் மாஸ்டரைப்போல் ஏழெட்டு அப்பாவிகள் உட்கார்ந்திருந்தார்கள். குக்கர் மூடி திறக்காத ஒரு அம்மாள் அந்தக் குக்கரையே மடியில் வைத்திருந்தாள். மூடிப் பல நாள் ஆனதில் உள்ளே என்ன இருக்கிறது என்பது அவளுக்கே மறந்துவிட்டதாம். தூசி உறிஞ்சும் மெஷின் தூசியைத் துப்புகிறது என்று ஒரு பஸ் கண்டக்டர் வந்திருந்தார்.

கடைசி நாள் பாடம் எடுக்க வந்தவர் மலை சைக்கிள் நிபுணர். தலையில் ஹெல்மெட், முழங்காலில் தடுப்பு, கையில் உறை, இத்தனையும் மாட்டிக்கொண்டு, பளபளவென்று ஒரு சைக்கிளைத் தள்ளியபடி உள்ளே வந்தார். அதன் டயர்களில் தொழிற்சாலைக் காகிதம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கருத்துக்கு முதல் எதிரி யாரு? யாராவது சொல்லுங்க பார்ப்போம்" என்று ஆரம்பித்தார். "அனுபவம்!" என்று மேஜையைத் தட்டினார். "அனுபவம் வந்துட்டா மனசு ஒரு பக்கமா சாஞ்சிடும். என்னையே எடுத்துக்குங்க. மலை சைக்கிள்னா இந்த வாரியத்துல நான்தான் கடைசி வார்த்தை. இன்னிக்கு வரைக்கும் நான் இதுல ஏறினதே கிடையாது. ஏறியிருந்தா என்ன ஆகியிருக்கும்? எனக்கு முன்னாடி இருந்தவர் ஒருநாள் ஆசைப்பட்டு ஏறிட்டாரு. வாசல் வரைக்கும்தான் போனாரு, செயின் கழண்டு கீழ விழுந்தாரு. எழுந்திரிச்சு என்ன சொன்னாரு தெரியுமா? 'செயின் சரியில்ல'ன்னு சொன்னாரு! அத்தனை வருஷமா பிரமாதம், பிரமாதம்னு சொல்லிட்டிருந்த வாய். ஒரே ஒரு அனுபவம், ஆளே கெட்டுப் போயிட்டாரு. அன்னிக்கே அவரைக் கிடங்குக்கு மாத்திட்டாங்க."

குக்கர் அம்மாள் கையைத் தூக்கினாள். "ஐயா, இது திறக்க மாட்டேங்குது."

"அது அனுபவம்மா. கருத்தாச் சொல்லுங்க."

அவள் திருதிருவென்று விழித்தாள்.

"பூட்டு உறுதியா இருக்குன்னு சொல்லிப் பாருங்க."

"பூட்டு உறுதியா இருக்கு" என்றாள் அம்மாள், மூடியை ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டு.

"அற்புதம்!" என்றார் நிபுணர். கண்டக்டரை எழுப்பி, மெஷின் எதையும் தனக்கென்று வைத்துக்கொள்ளாத தாராள குணம் உடையது என்று சொல்ல வைத்தார். மாஸ்டரின் முறை வந்தது. மூன்று நாளாக ஏசி அறையில் நன்றாகத் தூங்கியிருந்ததால் மாஸ்டருக்கும் மூளை கொஞ்சம் தெளிந்திருந்தது.

"ஷீட்டு... உள்ள வந்த சூட்டை வெளிய விடாம பத்திரமாக் காப்பாத்துதுங்க."

நிபுணர் வந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அன்று மாலையே மாஸ்டரின் சட்டையில் தகுதி பெற்ற கருத்தாளர் என்று ஒரு நீல நாடாவைக் குத்தி அனுப்பினார்கள். அதைக் குத்திக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்து படுத்தார். வீடு முன்பு வெந்த மாதிரியே வெந்தது. தகுதி வந்த பிறகு வேகிறோம் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

கருத்துச் சொல்லியாகிவிட்டதல்லவா, அடுத்ததாக வீட்டை நேரில் பார்க்க நிபுணர் வர வேண்டும். வெப்பத்தடுப்பு நிபுணருடைய இடம் காலியாக இருந்ததால் மலை சைக்கிள் நிபுணரே வந்தார். சைக்கிளோடுதான் வந்தார், காரின் மேல் கட்டிக்கொண்டு. பிரிவின் சொத்தை விட்டுப் பிரியக் கூடாது என்பது விதியாம். அந்தச் சைக்கிளை மூன்று மாடிக்கும் தோளில் தூக்கிக்கொண்டு ஏறியவர் மாஸ்டர். நிபுணர் பின்னாலேயே, "பார்த்துங்க, ஹேண்டில் இடிக்குது, பார்த்துங்க" என்று கையை வீசிக்கொண்டு வந்தார்.

அறைக்குள் கால் வைத்ததும் நிபுணரின் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து தண்ணீர் இறங்கி மூக்கு நுனியில் சொட்டத் தொடங்கியது. அவர் அதை மதிக்கவில்லை. அண்ணாந்து ஷீட்டைப் பார்த்தார்.

"பிடிமானம் எப்படி?"

"ஒட்டிருக்காங்க சார்."

"பள்ளம் மேடு வந்தா குலுங்குதா?"

"கூரை சார் அது. எங்கயும் போறதில்ல."

"போகாம இருந்தும் நிதானம் தவறல, சபாஷ்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் ரொம்ப நேரம் நிக்கக் கூடாது மாஸ்டர். நின்னா அனுபவம் ஆயிடும்." அவர் வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டு மீதியைச் சொன்னார். சொன்னது இதுதான்: இந்தத் திட்டத்தில் வாரியத்துக்கு நூற்றுக்கு நூறு திருப்தி கிடைத்தாயிற்று, இந்த ஒரு வீட்டைத் தவிர. தலைவரே நேரில் வந்து, இதே அறையில் அமர்வு நடத்தி, முடிவை அறிவிக்கப் போகிறார். அமர்வில் முடிவாகிவிட்டால் அது நிரந்தரம். அதன் பிறகு ஷீட்டைப் பற்றி எவரும் எப்போதும் பேச முடியாது. வீட்டில் குடியிருக்கிற அத்தனை பேரும் அன்று இருந்தாக வேண்டும், ஆள் குறைந்தால் நூறு வராது.

மாஸ்டர் சைக்கிளைக் கீழே இறக்கி வைத்துவிட்டு மனைவிக்குப் போன் போட்டார். எடுத்தது சகலை.

"என்ன சகல, வீடு குளிர்ந்துச்சா? இங்க நாங்க மத்தியானத்துல போர்வை தேடறோம்."

"அவகிட்ட குடுங்க சகல."

மனைவி வந்து முழுவதும் கேட்டுக்கொண்டாள். "அந்த ஒருநாள் வர்றேன். அவங்க ஷீட்டுதான் சரின்னு முடிவு பண்ணிட்டா, சாயங்காலம் திரும்பிடுவேன். அப்புறம் என்னைக் கூப்பிடாதீங்க. கோவத்துல சொல்லல. பிள்ளைக்கு இப்பத்தான் முதுகு ஆறியிருக்கு."

மாஸ்டர் அந்த ஒரு வாரமும் ரொட்டியைக் கருக்கினார்.

அமர்வு நாள் வந்தது. வெயில் நடு உச்சியில் நிற்கிற நேரமாகப் பார்த்து வைத்திருந்தார்கள், வாரியத்துக்கு ஷீட்டின் மேல் அவ்வளவு நம்பிக்கை. தலைவர் கோட்டும் டையுமாக வந்தார். செயலாளர், சைக்கிளோடு நிபுணர், சாட்சிக்கு எதிர்வீட்டுத் தையல்காரம்மா, மாஸ்டர், மனைவி, அவள் தோளில் குழந்தை. சின்ன அறை நிரம்பிவிட்டது. செயலாளர் எழுந்து அமர்வு விதிகளை வாசித்தார். வெளிக்காற்று கருத்தைத் திசைதிருப்பிவிடும் என்பதால் கதவும் ஜன்னலும் சாத்தியிருக்க வேண்டும். அமர்வு முடியும்வரை எவரும் வெளியேறக் கூடாது. குடியிருப்பவர் ஒருவர் கருத்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அமர்வை முடிக்கக் கூடாது. அமர்வில் தலைவர் வாயிலிருந்து வருகிற ஒவ்வொரு சொல்லும் ஆணை.

ஜன்னலைச் சாத்தினார்கள். தலைவர் பேசத் தொடங்கினார்.

"பெரியோர்களே! இன்று இந்த எளிய இல்லத்தில் நிலவும் இதமான சூழலை நான் உணர்கிறேன். உணர்கிறேன் என்றால், உடலால் அல்ல. உடல் யாரிடம்தான் இல்லை? எருமையிடமும் உடல் இருக்கிறது. வெப்பம் என்பது என்ன? கல்லாதவன் உடலால் அறிவது. குளிர்ச்சி என்பது என்ன? கற்றவன் முடிவெடுத்து அறிவிப்பது! நாங்கள் எங்கள் அலுவலகத்திலே அமர்ந்து, ஸ்வெட்டர் அணிந்துகொண்டு, இரவு பகலாக இந்த ஷீட்டைப் பற்றிச் சிந்தித்தோம்..."

இந்த இடத்தில் குழந்தை அழ ஆரம்பித்தது.

தலைவர் குரலை உயர்த்தினார். குழந்தையும் உயர்த்தியது. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தபடி அவர் செயலாளரைத் திரும்பிப் பார்த்தார். செயலாளர் அந்தப் பார்வையின் பொருளைப் புரிந்துகொண்டு, "எனக்கு லேசா நடுங்குதுங்க ஐயா" என்றார். அவர் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. நிபுணர் விடுவாரா? "எனக்குச் சளியே பிடிச்சிடும் போல இருக்கு" என்று ஹெல்மெட்டைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினார். தையல்காரம்மாவிடம் கேட்டார்கள். அவள் ஆணி விசாரணையில் அடிபட்டுத் தேறியவள். "ஐயா எப்படிச் சொல்றீங்களோ அப்படித்தாங்க" என்றாள்.

"திருப்தி! நூற்றுக்கு நூறு! எனவே இந்த அமர்வை..."

"முடிக்க முடியாதுங்க ஐயா" என்றார் செயலாளர், கண்ணில் இறங்கிய வியர்வையைச் சிமிட்டிக்கொண்டு. "குடியிருக்கிறவர் ஒருத்தர் இன்னும் கருத்துச் சொல்லிட்டிருக்காங்க."

"யாருய்யா அது?"

செயலாளர் குழந்தையைக் காட்டினார்.

"அது கைக்குழந்தைய்யா!"

"விதியில வயசு வரம்பு போடலீங்களே. நாம போடாம விட்டுட்டோம்."

வாரியம் தன் விதிக்குள் தானே உட்கார்ந்துகொண்டு வேக ஆரம்பித்தது. தலைவர் டையைத் தளர்த்தினார், பிறகு கழற்றினார். கோட்டைக் கழற்றினார், சட்டையையும் கழற்றினார். நிபுணர் குழந்தையின் முன்னால் குனிந்து, "பாப்பா, கருத்தாச் சொல்லு பார்ப்போம். இதமா இருக்குன்னு சொல்லு" என்று பயிற்சி கொடுத்தார். குழந்தை அவருடைய ஹெல்மெட்டைப் பார்த்து இன்னும் இரண்டு கட்டை ஏற்றி வீறிட்டது. செயலாளர் சைக்கிள் மணியை அடித்துக் காட்டினார். தலைவர் சாவிக்கொத்தைக் குலுக்கினார். வாரியத்தின் தலைவர் கைபனியனோடு நின்று "ஜூ ஜூ ஜூ" என்று சொன்னதையும் அந்த அறை கேட்டது. ஒன்றும் பலிக்கவில்லை. மாஸ்டரின் மனைவி குழந்தையைத் தோள் மாற்றினாள். "ஆறின முதுகெல்லாம் மறுபடி சிவந்துடுச்சுங்க, பாருங்க" என்று கணவனிடம் மட்டும் சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது.

தலைவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாள் மேடையில் பேசிய குரல் எங்கோ போய்விட, உள்ளேயிருந்து ஒரு சாதாரண மனுஷக் குரல் வந்தது.

"எதையாவது பிச்சு எறிய்யா! காத்து வரட்டும்யா!"

செயலாளர் பழக்கத்தில் அதை எழுதிக்கொண்டார்.

"எதைங்க ஐயா?" என்று கேட்டார் மாஸ்டர். கேலியாக இல்லை. ஆணை என்றால் தெளிவாக இருக்க வேண்டாமா?

"எதை வேணா!"

மாஸ்டர் அண்ணாந்து பார்த்தார். சமையலறையிலிருந்து ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு ஏறினார். சுவரோரம் மடங்கியிருந்த ஷீட்டின் விளிம்பைப் பிடித்தார். பலத்தையெல்லாம் கூட்டி இழுக்க வேண்டியிருக்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டவர், இழுத்த வேகத்தில் கீழே விழப் பார்த்தார். பசை என்றைக்கோ காய்ந்து உதிர்ந்துபோயிருந்தது. ஒரே இழுப்பில் சுவர்ப்பக்கம் முழுவதும் வந்து, அதன் பின்னாலேயே கூரைப் பக்கமும் சரிந்து, மொத்த ஷீட்டும் வாரியத்தின் தலையில் இறங்கியது.

வென்டிலேட்டர் துளைகள் வழியாகக் காற்று வந்தது. பெரிய காற்று ஒன்றும் இல்லை, தெருவில் சாதாரணமாகப் போகிற காற்றுதான். குழந்தை ஒரு விக்கல் விக்கியது, வாயைத் திறந்தபடி மேலே பார்த்தது, நிறுத்தியது. கொஞ்ச நேரத்தில் தாயின் தோளிலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டது. கறுப்பு ஷீட்டுக்கு அடியிலிருந்து தலைவரின் குரல் நிதானமாக வந்தது.

"அப்பாடா..."

செயலாளர் ஷீட்டுக்குள் இருந்தபடியே அதையும் எழுதிக்கொண்டார். ஷீட்டைப் பற்றி வாரியத் தலைவர் தெரிவித்த கருத்து என்று அதுதான் இன்றைக்கும் பதிவில் இருக்கிறது.

அதன் பிறகு நடந்தவை வாரியத்தின் வழக்கப்படி நடந்தன. தலைவருக்கு அனுபவம் ஏற்பட்டுவிட்டது என்று நிபுணரே மேலிடத்தில் போய்ச் சொல்ல, தலைவரைக் கிடங்குக்கு அனுப்பினார்கள். அங்கே ஏற்கெனவே செயின் கழண்டு விழுந்தவர் இருந்ததால் பேச்சுத் துணைக்குக் குறைவில்லை என்று கேள்வி. நிபுணர் புதிய தலைவர் ஆனார். அவர் முதல் கூட்டத்திலேயே, மேல்மாடி வீடு ஒன்றில் ஷீட் தன் வேலையை அவ்வளவு கச்சிதமாகச் செய்து முடித்துவிட்டது, இனி அந்த வீட்டுக்கு ஷீட்டே தேவைப்படாது என்று அறிவித்துக் கைதட்டல் வாங்கினார். மற்ற வீடுகளிலும் அந்த நிலை வரும்வரை ஷீட் அப்படியே இருக்க வேண்டும், தேவைப்பட்டால் வீட்டுக்கு வீடு அமர்வு நடக்கும் என்றார்.

மனைவி அன்று சாயங்காலம் பஸ் ஏறவில்லை. பையைப் பிரித்துத் துணிகளை அடுக்கினாள். அக்கா புருஷனுக்குப் போன் போட்டு, போர்வை கிடைத்ததா என்று கேட்டாள். பிறகு கீழே சுருண்டு கிடந்த ஷீட்டின் ஓரத்தைக் காலால் தள்ளிப் பார்த்தாள். காய்ந்த பசை பொலபொலவென்று கொட்டியது.

"இவ்வளவுதானா?" என்று கேட்டாள்.

"இவ்வளவுதான்" என்றார் மாஸ்டர்.

"இதுக்கா நான் ஊரை விட்டுப் போனேன்?"

அடுப்பு முன்னால் இத்தனை வருஷம் நின்றும் சுடாத ஏதோ ஒன்று அவருக்கு அப்போது சுட்டது. தலைவர் சொல்லாவிட்டால் இன்னும் எத்தனை நாள் அதன் கீழேயே படுத்திருப்போம் என்று நினைத்துப் பார்க்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது. நீல நாடாவைக் கழற்றிக் குப்பையில் போட்டார்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம், மாஸ்டர் தரையில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் யாரோ மெதுவாகக் கூப்பிட்டார்கள். மனைவி போய்க் கதவைத் திறந்தாள். தையல்காரம்மா நின்றிருந்தாள், நெற்றியில் வியர்வையோடு. அவளுக்குப் பின்னால் மேல்மாடி வீட்டுக்காரர்கள் எல்லோரும் படிவரைக்கும் வரிசையில் நின்றிருந்தார்கள்.

"நாளைக்கு எங்க வீட்டுல அமர்வு வச்சிருக்காங்கம்மா" என்று தையல்காரம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "பாப்பாவை ஒரு மணி நேரம் குடுத்தீன்னா... நான் பத்திரமாப் பார்த்துக்கறேன். அடுத்து இவங்க வீட்டுல. அதுக்கடுத்து அவங்க. எல்லாரும் பேசி முறை வச்சிருக்கோம். அழ வேண்டியதுதான், வேற ஒண்ணும் பண்ண வேணாம்."

மனைவி உள்ளே திரும்பிப் பார்த்தாள். தகப்பனும் மகளும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே மாதிரி வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்கள். அவள் சமையலறைக்குப் போய் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து தையல்காரம்மா கையில் கொடுத்தாள்.

"பாப்பா தூங்கறாக்கா" என்றாள். "பசை எப்பவோ காஞ்சிருக்கும். இதை எடுத்துட்டுப் போங்க."